மீனுக்கு ஒரு ஐஸ், பிள்ளைக்கு ஒரு ஐஸ்

தாய்மார்களே!

பாம்பன், மண்டபம், இராமேசுவரம் கரையில் ஐஸ் இல்லாமல் மீன் தொழில் உண்டா? படகில் ஏற்றும்போது சிதறிய துண்டைப் பிள்ளை வாயில் போட்டுக்கொள்கிறது. "விடுங்கக்கா, அந்தக் குளிர்ல கிருமி செத்துப்போகும்" என்கிறோம்.

இது தவறு. கொதித்தால் கிருமி சாகும். உறைந்தால் முழுவதும் சாகாது. ஐஸ் கரைந்ததும் மறுபடி வேலையைக் காட்டும். பேதி, டைபாய்டு, மஞ்சள் காமாலை இப்படியும் வரும்.

உண்ணத் தகாத ஐஸில் நீல நிறம் சேர்க்க வேண்டுமென 2018 ஜூன் முதல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்தது. நீல ஐஸ் வாய்க்கு ஆகாது. நிறம் இல்லாவிட்டாலும் மீனுக்கு வந்த ஐஸ் மீனுக்கே.

வீட்டில் ஐஸ் மெஷின் வாங்குகிறீர்களா?

1. சமதரையில், வெயில் படாமல், சுவரை ஒட்டாமல் வையுங்கள். எர்த் உள்ள பிளக்கில் மட்டும் மாட்டுங்கள்.

2. குடிநீரைக் கொதிக்கவைத்து, மூடி ஆறவிட்டு ஊற்றுங்கள். உவர்நீர் ஊற்றினால் மெஷினில் உப்புப் படியும்.

3. தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். வாரம் ஒருமுறை பிளக்கைக் கழற்றியபின் தொட்டியைக் கழுவுங்கள்.

4. ஐஸைக் கையால் அள்ளாதீர்கள். சுத்தமான கரண்டி போதும். மீனை அதில் வைக்கவே கூடாது.

பிரிட்ஜில் ஐஸ் உறையவைப்பவர்களுக்கும் தண்ணீர் விஷயத்தில் இதே முறைதான்.

பிள்ளைக்குப் பேதி கண்டால் காத்திராதீர்கள். ஒரு லிட்டர் பொட்டலமானால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் உப்பு சர்க்கரைக் கரைசலைக் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கண் குழிந்தாலோ, பிள்ளை சோர்ந்தாலோ உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கி வாருங்கள்.

நல்ல தண்ணீரே நல்ல ஐஸ்!