‘சாப்பாடு நன்றாக இருந்தது’ என்றால் போதுமா?



"எங்கள் ஊர்த் திருவிழா" என்றோ "நான் சென்ற திருமணம்" என்றோ கட்டுரை எழுதச் சொன்னால், பெரும்பாலும் எல்லோருடைய ஏட்டிலும் ஒரு வாக்கியம் தவறாமல் இடம்பெறும். "சாப்பாடு மிகவும் நன்றாக இருந்தது" என்பதே அது. இலக்கணப்படி அதில் பிழை இல்லை. ஆனால் படிப்பவருக்கு அதனால் என்ன தெரிகிறது? இலையில் விழுந்தது சோறா, அப்பமா? குழம்பு புளித்ததா, உறைத்ததா? ஒன்றுமே தெரியவில்லை.

தமிழில் சொல்லுக்குப் பஞ்சம் இல்லை. அதிலும் காட்டூரைச் சுற்றியும் பழவேற்காட்டு ஏரிக்கரையிலும் வாழும் நமக்குப் பஞ்சமே இல்லை. வீட்டில் அம்மாவும் ஆயாவும் நாள்தோறும் பேசும் சொற்களைக் கொச்சை என்று எண்ணி, ஏட்டில் எழுதாமல் விட்டுவிடுகிறோம். அவற்றுள் பல நல்ல தமிழ்ச் சொற்களே. அவற்றை வகைப்படுத்திக் காண்போமா?

1. உண்பதும் தின்பதும் ஒன்றா?

சோறு உண்கிறோம், முறுக்குத் தின்கிறோம், மோர் பருகுகிறோம், தேனை நக்குகிறோம். உணவை உண்பன, தின்பன, பருகுவன, நக்குவன என நான்காகப் பகுப்பது பழைய மரபு. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்தில் இதைப் பற்றிய விதி ஒன்று உண்டு. பல வினைகளுக்கு உரிய பொருள்களை ஒரு பொதுப் பெயரால் சொல்லும்போது, அவற்றுள் ஒன்றற்கு மட்டும் உரிய வினையைச் சேர்க்கக் கூடாது என்பது அதன் கருத்து. ‘அடிசில்’ என்னும் சொல் நான்கு வகை உணவுக்கும் பொது. ஆகவே "அடிசில் உண்டார்" என்னாமல், "அடிசில் அயின்றார்" அல்லது "மிசைந்தார்" என்று பொதுவினை தந்து சொல்ல வேண்டும் என்று உரையாசிரியர்கள் விளக்குகிறார்கள்.

இன்று அந்தப் பொதுவினையின் இடத்தில் ‘சாப்பிடு’ வந்து அமர்ந்திருக்கிறது. சோற்றையும் சாப்பிடுகிறோம், மாத்திரையையும் சாப்பிடுகிறோம். பேச்சுக்கு அது போதும். எழுதும்போது உரிய வினையைத் தேட வேண்டும். இங்கே மரியாதையையும் கவனிக்க வேண்டும். பெரியவரிடம் "தின்னுங்கள்" என்றால் இன்று அவமதிப்பாகும். "சாப்பிடுங்கள்", "அருந்துங்கள்" என்பதே முறை.

2. வாய் செய்யும் வேலைகள்

கடித்தல் – பல்லால் துண்டாக்குதல் (கொய்யா).
மெல்லுதல் – பல்லால் அரைத்தல்.
கொறித்தல் – சிறிது சிறிதாகத் தின்னுதல் (வறுத்த கடலை).
அதக்குதல் – கன்னத்தில் அடக்கி வைத்தல்.
குதப்புதல் – வாய்க்குள்ளே புரட்டி மெல்லுதல் (வெற்றிலை).
சப்புதல் – வாயில் இட்டுக் கரைத்தல் (மிட்டாய்).
சூப்புதல் – எலும்பையோ மாங்கொட்டையையோ வாயில் வைத்து உறிஞ்சுதல்.
உறிஞ்சுதல் – நண்டுக்காலை உடைத்து உள்ளிருப்பதை இழுத்தல்.
விழுங்குதல் – மெல்லாமல் உள்ளே தள்ளுதல்.
மாந்துதல் – வயிறு நிறையக் குடித்தல்.

இவற்றின் வேற்றுமை புரியவில்லையா? நம் ஏரிக்கு வரும் பறவைகளைப் பாருங்கள். நீர்க்காகம் முக்குளித்து மீனை அப்படியே விழுங்குகிறது. கூழைக்கடா பை போன்ற அலகால் மீனை நீரோடு சேர்த்து மொள்ளுகிறது. பூநாரையோ தலையைக் கவிழ்த்து, சேற்று நீரை அலகால் அலசி, நுண்ணிய உயிர்களை அரித்தெடுக்கிறது. மூன்றும் ஒரே ஏரியில்தான் இரை தேடுகின்றன. ஆனால் "பறவைகள் சாப்பிட்டன" என்று எழுதினால் மூன்றும் ஒன்றாகிவிடும்.

3. ஆறு சுவைகள்

இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கார்ப்பு, கைப்பு, துவர்ப்பு என்பன அறுசுவை. பல மாணவிகள் உவர்ப்பையும் துவர்ப்பையும் குழப்பிக்கொள்கிறார்கள். உவர்ப்பு என்பது உப்புச் சுவை. பழவேற்காட்டு ஏரியில் ஆற்று நீரும் கடல் நீரும் கலப்பதால் அதை உவர்நீர் ஏரி என்கிறோம். இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இதுவே. துவர்ப்பு என்பது பாக்கும் வாழைப்பூவும் தரும் சுவை. நாக்கைச் சுருங்கச் செய்யும். ஏரியை நினைத்தால் உவர்ப்பு, பாக்கை நினைத்தால் துவர்ப்பு என்று நினைவில் கொள்ளுங்கள்.

கார்ப்பைப் பற்றி ஒரு செய்தி. மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக வந்த செடி. அதற்கு முன் நம்மவர் காரத்துக்குப் பெரிதும் நம்பியது மிளகையே. புதிதாக வந்த காய்க்கு ‘மிளகு’ என்ற பெயரோடு ‘காய்’ சேர்த்து, ‘மிளகாய்’ என்று அழைத்தார்கள். பழந்தமிழில் ‘கறி’ என்ற சொல்லுக்கே மிளகு என்ற பொருள் உண்டு.

சுவை கூடினாலும் குறைந்தாலும் அதற்கும் சொல் இருக்கிறது. உப்புக் குறைந்தால் சப்பென்றிருக்கும், மிகுந்தால் கரிக்கும். சேனைக்கிழங்கு நாக்கை அரிக்கும். மிளகாய் வறுத்தால் நெடி ஏறித் தொண்டை கமறும். கழுவாத மீன் கவுச்சி அடிக்கும்.

4. பக்குவம்

சோறு பொலபொலவென்று இருக்கலாம், குழைந்தும் போகலாம். நறுக்கென்று நின்றால் அது அரைவேக்காடு. இட்லி மெத்தென்று இருக்கும். அப்பளம் மொறுமொறுக்கும். வெண்டைக்காய் கொழகொழக்கும். குழம்பு நீர்த்திருக்கும் அல்லது சுண்டிக் கெட்டிப்படும். பால் அடிபிடிக்கும், கறி தீய்ந்துபோகும்.

இச்சொற்களைக் கொண்டு ஒரு பழைய வாக்கியத்தைப் புதுப்பிப்போம்.

முன்பு: "நேற்று எங்கள் வீட்டில் மீன் குழம்பு. மிகவும் நன்றாக இருந்தது."

பின்பு: "நேற்று எங்கள் வீட்டில் மடவை மீன் குழம்பு. புளி சற்றுத் தூக்கலாக, குழம்பு சுண்டிக் கெட்டியாக இருந்தது. துண்டுகள் உடையாமல் வெந்து, சதை முள்ளை விட்டு இதழ் இதழாகப் பிரிந்து வந்தது. காரம் தொண்டையில் நின்றது. தம்பி தண்ணீரை மொண்டு மொண்டு குடித்தான்."

இரண்டாவதில் ‘நன்றாக’ என்ற சொல்லே இல்லை. ஆயினும் படிப்பவருக்கு நாவூறும். சமைத்த அம்மா அதைப் படித்தால், தம் உழைப்பை மகள் கவனித்தாள் என்று மகிழ்வார்.

5. கெட்டதைச் சொல்லும் சொற்கள்

இப்பகுதியை அனைவரும் கருத்தூன்றிப் படிக்க வேண்டும். இது மதிப்பெண்ணுக்கு மட்டும் உரியதன்று. உடல் நலத்துக்கும் உரியது.

சோறும் குழம்பும் ஊசிப்போகும். பால் திரியும். மாவு புளிக்கும். முறுக்கு நமுத்துப்போகும். பழம் அடிபட்டால் கன்றும், பிறகு அழுகும். காய் முற்றும், வாடும். ரொட்டியில் பூசணம் பூக்கும். பழைய எண்ணெய்ப் பண்டத்தில் சிக்கு வாடை வீசும்.

இவை அனைத்தையும் "கெட்டுப்போச்சு" என்று ஒரே சொல்லில் அடக்கினால் என்ன ஆகும்? நமுத்த முறுக்கை மீண்டும் சூடாக்கித் தின்னலாம். புளித்த மாவில் தோசை வார்க்கலாம். ஆனால் ஊசிப்போன குழம்பைக் கொட்டத்தான் வேண்டும். அம்மா வேலைக்குச் சென்றிருக்கும் நேரத்தில் தம்பி தங்கைகளுக்குப் பரிமாறும் பெண் இந்த வேற்றுமையை அறிந்திருக்க வேண்டும்.

மீனுக்கு இன்னும் கவனம் வேண்டும். நல்ல மீனின் செவுள் சிவந்திருக்கும்; கண் தெளிந்திருக்கும்; சதையை அழுத்தினால் மீண்டு எழும். பதம் கெட்ட மீனின் செவுள் வெளிறும், கண் குழியும், சதை நொளநொளக்கும். கானாங்கெளுத்தி, சூரை முதலிய மீன்களைப் பனிக்கட்டி இல்லாமல் வெப்பத்தில் வைத்திருந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்னும் பொருள் மிகும். சமைத்தாலும் அது நீங்காது. அத்தகைய மீன் சில வேளை நாக்கில் சுறுசுறுவென்று உறைக்கும். காரம் சேர்க்காத மீன் உறைக்கிறது என்று குழந்தை சொன்னால், அதைப் பிடிவாதம் என்று தள்ளாதீர்கள். உடனே இலையிலிருந்து எடுத்துவிடுங்கள். சரியான சொல் இங்கே ஓர் உயிரையும் காக்கக் கூடும்.

6. கடல் கடந்த சொற்கள்

பழவேற்காடு 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியரும், 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரரும் வந்து தங்கிய துறைமுகம். இத்தகைய வாணிகத்தால் அன்னாசி, கோப்பை, மேசை ஆகிய போர்ச்சுகீசியச் சொற்கள் தமிழில் கலந்தன. இலங்கைத் தமிழர் ரொட்டியைப் ‘பாண்’ என்பதும் அம்மொழியிலிருந்து வந்ததே. மலேசியத் தமிழரோ காலை உணவு உண்பதைப் ‘பசியாறுதல்’ என்கிறார்கள். பசி ஆறுகிறது! எவ்வளவு பொருத்தமான தமிழ்ச் சொல்!

7. நாம் செய்ய வேண்டியது

இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் தமிழை அயல்மொழியாகக் கற்று, 1732இல் சதுரகராதியைத் தொகுத்தார். பெயர், பொருள், தொகை, தொடை என அது நான்கு பகுதிகளை உடையது. ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைப் பொருளகராதியில் காணலாம். பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகத் தமிழ் லெக்சிகனை வெளியிட்டது.

தாய்மொழியாகவே தமிழைப் பெற்ற நாம் ஒரு சிறு குறிப்பேடாவது தொடங்கலாம் அல்லவா? வாரம் ஐந்து சொற்கள் போதும். மீன் ஆயும் அத்தையிடமும், வலை உலர்த்தும் தாத்தாவிடமும் கேட்டு எழுதுங்கள். சொல், பொருள், ஒரு வாக்கியம் என மூன்று பத்தி இடுங்கள். பேசுவோர் மறைந்தால் எழுதப்படாத சொல்லும் அவரோடு மறையும்.

பயிற்சி

கோடிட்ட இடத்தை நிரப்புக:
(அ) மழை நாளில் மூடாமல் வைத்த அப்பளம் ______.
(ஆ) ஆயா வெற்றிலையை ______க்கொண்டே கதை சொன்னார்.
(இ) அணில் கடலையை ______.
(ஈ) வாழைப்பூவின் சுவை ______.
(உ) "நண்டு வறுவல் நன்றாக இருந்தது" – ‘நன்றாக’ என்னும் சொல் வராமல் இதை மூன்று வாக்கியங்களில் விரித்து எழுதுக.

விடைகள்: (அ) நமுத்துப்போயிற்று (ஆ) குதப்பி (இ) கொறித்தது (ஈ) துவர்ப்பு. (உ) இதற்குரிய விடை உங்கள் வீட்டு அடுப்படியில் இருக்கிறது. சுவைத்துப் பார்த்து எழுதுங்கள்.