கோபுரம் கட்டியது குற்றமா?

கேள்வி: பாபேலில் கோபுரம் கட்டியவர்கள் மேல் கடவுளுக்கு ஏன் கோபம்? நம்ம பக்கம் சிதம்பரத்தில் நாலு கோபுரம் நிற்கிறதே!
— வாசகர், அண்ணாகிராமம்

பதில்: உயரம் பிரச்சினையே இல்லை. பூமியெங்கும் பரவி வாழச் சொன்னார் கடவுள். அவர்களோ சிதறமாட்டோம், நமக்கென்று பேர் வேண்டும் என்று செங்கல் சுட்டு, நிலக்கீல் பூசி அடுக்கினார்கள். வானத்தை எட்டப்போகிற அந்தக் கோபுரத்தைப் பார்க்கக் கடவுள் கீழே இறங்கி வந்தாராம். நல்ல கிண்டல்! அது இடிந்து விழுந்ததாக ஆதியாகமத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. பேச்சு குழம்பியது, வேலை நின்றது, அவ்வளவுதான்.

இதே ஆணவத்தின் கதை நம்ம பக்கமும் உண்டு. உங்களுக்குப் பக்கத்தில், பண்ருட்டியை ஒட்டிய திருவதிகைதான் சிவன் முப்புரம் எரித்த தலம். பொன், வெள்ளி, இரும்புக் கோட்டைகளோடு பறந்து திரிந்த மூன்று அசுரர்களின் ஆணவத்தை எல்லோரும் சொல்வார்கள். தேராகவும் அம்பாகவும் வந்த தேவர்களுக்கும் 'நாமில்லாமல் ஆகுமா' என்று தலைக்கனம் ஏறியதாம். சிவன் அம்பை விடாமல் சிரித்தே எரித்தார். எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

நல்லவர்களையும் விடாத வியாதி இந்தத் தலைக்கனம். யூதாவை 52 ஆண்டு ஆண்ட உசியா திறமையான ராஜா. ஆசாரியர் மட்டுமே காட்டவேண்டிய தூபத்தைத் தானே காட்ட ஆலயத்துக்குள் நுழைந்தார். தடுத்தவர்களிடம் சீறியபோது நெற்றியில் குஷ்டம் கண்டது. 2 நாளாகமம் 26-ஆம் அதிகாரம். பாபேலுக்கு அடுத்து அதைப் படியுங்கள்.