ஓடையின் அளவும் கிடங்கின் சரக்கும்



கரிசல் சீமையில் மழைக்கு ஏங்கியே நாம் பழகிவிட்டோம். வெள்ளத்துக்குத் தயாராக இருக்கப் பழகவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் அது தெரிந்துவிட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ., கோவில்பட்டியில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. நமது மாவட்டத்தின் ஓராண்டு மழையே ஏறத்தாழ 65 செ.மீ. தான்.

அன்றிரவு நாங்கள் வானத்தைப் பார்த்தோம், ஓடையைப் பார்க்கவில்லை. கிடங்கில் அடிவரிசைச் சர்க்கரை மூட்டைகள் விடிவதற்குள் பாகாகிவிட்டன. ஒரு மணி நேரம் முன்னால் தெரிந்திருந்தால் எல்லாவற்றையும் மேலே ஏற்றியிருப்போம்.

கரிசல் மண்ணின் குணத்தை முதலில் அறிய வேண்டும். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் மண் முதல் மழையைக் குடித்துவிடும். நனைந்து உப்பியதும் வெடிப்புகள் மூடிக்கொள்ளும். பிறகு பெய்வதில் பெரும்பகுதி ஓடைக்கே போகும். ஆகவே ஐப்பசியில் தாங்கிய ஓடை, அதே அளவு மழையைக் கார்த்திகையில் தாங்காது. ஓர் ஏக்கரில் 1 செ.மீ. மழை என்றால் 40,000 லிட்டர் தண்ணீர் என்பதை நினைவில் வையுங்கள்.

நாம் செய்யக்கூடியவை:

1. 15 கிலோ எண்ணெய் டின்னின் மேல்மூடியை வெட்டி எடுத்து, திறந்த வெளியில் நேராக வையுங்கள். தினமும் காலை 8.30-க்கு ஸ்கேலால் ஆழத்தை அளந்து குறித்துவிட்டு, டின்னைக் கவிழ்த்துக் காலி செய்யுங்கள். ஆழம் எத்தனை செ.மீ. உள்ளதோ, அத்தனை செ.மீ. மழை.

2. நகராட்சி அல்லது ஊராட்சி அனுமதியுடன் ஓடைப் பாலத்தின் தூணில் அடிக்கணக்குக் கோடு வரையச் செய்யுங்கள். மழையில் அரை மணிக்கு ஒருமுறை, கரையில் இறங்காமல் தூரத்திலிருந்தே பார்த்து எழுதுங்கள்.

3. உயரத்தை விட ஏறும் வேகமே முக்கியம். அரை மணியில் 2 அடி 3 அடியானால், 5 அடிப் பாலத்துக்கு மிஞ்சியிருப்பது ஒரு மணி நேரமே. மேலே கண்மாய் உடைந்தால் அதுவும் இல்லை.

4. மேல் ஊர்க் கடைக்காரரின் தொலைபேசி எண்ணைக் கல்லாவில் ஒட்டுங்கள். கீழ் ஊருக்கு நாம் சொல்ல வேண்டும். கயத்தாறு, கடம்பூர்ப் பக்கத்து மழைநீர் உப்பாற்று ஓடை வழியே கோரம்பள்ளம் குளத்துக்குப் போகிறது. 2023-இல் அக்குளம் உடைந்து தூத்துக்குடிக்குள் வெள்ளம் புகுந்தது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077.

5. சர்க்கரை, மாவு, தீப்பெட்டி ஆகியவை எப்போதும் மேல்தட்டில் இருக்கட்டும். தண்ணீர் வாசலுக்கு வருமுன் மெயின் சுவிட்சை அணையுங்கள். காப்பீட்டுப் பத்திரத்தில் வெள்ளச் சேதம் சேர்ந்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

கடைசியாக ஒன்று. ஓடைமேல் படியும் சாய்ப்பும் இறக்கியிருப்பவர்கள் நம்மிலேயே உண்டு. அந்த நான்கடி இடத்தால் வரும் லாபம் ஒருவருக்கு; அதனால் ஓடை அடைபட்டால் நஷ்டம் தெரு முழுவதற்கும். நாள்தோறும் கணக்கு எழுதும் நாம் இந்தக் கணக்கையும் பார்த்தாக வேண்டும்.