வலிக்கிற காலும் வலிக்காத காலும்



மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளை அலுவலகத்திற்கு வருபவர்களில், காலில் கட்டுடன் வருபவர்கள் எப்போதும் சிலர் இருக்கிறார்கள். அப்படி வந்த ஒரு பெரியவரின் அனுபவத்தை அவருடைய அனுமதியோடு, பெயர் சொல்லாமல் இங்கே எழுதுகிறோம். "நம்ம ஜனங்களுக்குப் பிரயோஜனப்படட்டும், எழுதுங்க தம்பி" என்றார் அவர்.

பல வருடங்களாக அவருக்குச் சர்க்கரை நோய். இடையில் இரண்டு வருடம், இரவானால் இரண்டு பாதங்களும் காந்தின. ஊசி குத்துவது போலவும், மிளகாயைத் தேய்த்தது போலவும் இருந்ததாம். போர்வை பட்டாலும் தாங்காது. ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டுதான் படுப்பார். கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டார், கேட்கவில்லை. பிறகு எரிச்சல் தானாகவே மெல்லக் குறைந்தது. "அல்ஹம்துலில்லாஹ், குணமாயிடுச்சு" என்று எண்ணி, சர்க்கரை மாத்திரையையும் நினைத்தபோது மட்டும் எடுக்கத் தொடங்கினார்.

ஒருநாள் அலைச்சல் தீர, கல்லுப்பு போட்ட வெந்நீரில் காலை வைத்தார். "சூடு சரியா இருக்காத்தா?" என்று மகள் கேட்டதற்கு, "பதமாத்தான்மா இருக்கு" என்றார். மறுநாள் பாதமெல்லாம் கொப்புளம். அது புண்ணாகி, எலும்பு வரை சென்று, கடைசியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

அந்தத் தண்ணீர் பதமாக இல்லை. அவருடைய காலுக்குத்தான் சூடு தெரியவில்லை. குணமானதால் எரிச்சல் நிற்கவில்லை. உணர்வு போனதால் நின்றது. இம்மாதப் பாடம் இதுதான்: வலிக்கிற காலுக்கு நிவாரணம் தேடுவோம், ஆனால் வலிக்காத காலுக்கு அதைவிட அதிகமாகப் பயப்படுவோம்.

ஏன் பாதத்தில் தொடங்குகிறது?

நம் உடலில் மிக நீளமான நரம்புகள் இடுப்புப் பகுதியிலிருந்து கால்விரல் வரை செல்பவை. ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். இரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் கூடுதலாக இருந்தால் நரம்பும் கெடுகிறது, நரம்புக்கு உணவு கொண்டு செல்லும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் கெடுகின்றன. நீளமான நரம்பு முதலில் பாதிக்கப்படும். அதனால்தான் கோளாறு இரண்டு கால்விரல் நுனிகளிலும் தொடங்கி, காலுறை போட்டது போல மேலே ஏறுகிறது. முழங்காலை நெருங்கும் சமயத்தில் கைவிரல் நுனிகளிலும் மதமதப்பு தொடங்கும்.

கெட்ட நரம்பு இரண்டு விதமாகத் தவறு செய்யும். ஒன்று, நெருப்பே இல்லாத இடத்தில் "சுடுகிறது" என்று பொய்ச் செய்தி அனுப்பும். இதுதான் எரிச்சலும் குத்தலும். மற்றொன்று, முள் குத்தினாலும் செய்தியே அனுப்பாது. இதுதான் மரத்துப்போவது. பஞ்சின் மேல் நடப்பது போலத் தோன்றுவதும், செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நடப்பதும் இதனால்தான். ஒரே காலில் இரண்டும் சேர்ந்திருக்கலாம். இரவெல்லாம் எரிகிற பாதத்தில் ஆணி ஏறினாலும் தெரியாமல் போவது இப்படித்தான்.

2023-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் சர்க்கரை நோயுள்ளவர்கள் சுமார் 10 கோடிப் பேர். நாட்பட்ட சர்க்கரையுள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் இந்த நரம்புப் பாதிப்பு வருகிறது. நம் மஹல்லாவில் எத்தனை வீடுகளில் சர்க்கரை மாத்திரை இருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால், இது நம் வீட்டுப் பிரச்சினை என்பது புரியும்.

சர்க்கரை மட்டுமே காரணம் என்றும் இருந்துவிடக் கூடாது. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறைவு, சிறுநீரகக் கோளாறு, தொழுநோய், மதுப்பழக்கம், சில காசநோய், புற்றுநோய் மருந்துகள் ஆகியவற்றாலும் வரும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் எடுப்பவர்களுக்கு பி12 குறையக்கூடும். அதை ஓர் இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம், ஊசியிலோ மாத்திரையிலோ சரிசெய்யலாம். மருந்தை நாமாக நிறுத்த வேண்டியதில்லை, பரிசோதனையைக் கேட்டுப் பெற வேண்டும்.

வேலூரில் கற்ற பாடம்

டாக்டர் பால் பிராண்ட் 1946-இல் வேலூருக்கு வந்த அறுவைச் சிகிச்சை மருத்துவர். தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாகவே அழுகி விழுகின்றன என்று அந்தக் காலத்தில் எல்லோரும் நம்பினார்கள். அவர் கவனித்துப் பார்த்தபோது உண்மை வேறாக இருந்தது. உணர்வு இல்லாததால் அவர்கள் சூடான பாத்திரத்தைப் பிடித்தார்கள், புண்ணான காலோடு நடந்தார்கள். இரவில் எலி கடித்தது கூடத் தெரியாமல் சிலர் தூங்கினார்கள். விரல்களை அழித்தது வலியின்மைதான். உணர்வற்ற பாதத்தைக் காக்க, மென்மையான எம்.சி.ஆர். ரப்பர் செருப்புகள் வேலூரில் உருவாக்கப்பட்டன. பின்னர் அமெரிக்கா சென்ற அவர், அதே பாடத்தைச் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கும் கொண்டு சென்றார்.

வலியும் அல்லாஹ் தந்த ஒரு காவலாளி என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. காவலாளி தூங்கிவிட்டால் வீட்டை நம் கண்ணால்தான் காக்க வேண்டும்.

எரிச்சலுக்கு நிவாரணம் உண்டா?

உண்டு. ஆனால் எதை எதிர்பார்ப்பது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

சாதாரண வலி மாத்திரைகள் இந்த வலிக்குப் பெரிதாக உதவாது. டைக்ளோஃபெனாக் போன்றவற்றைத் தொடர்ந்து போட்டால் சர்க்கரையுள்ளவர்களின் சிறுநீரகம் கெடும். நரம்பு வலிக்கென்று தனி மருந்துகள் இருக்கின்றன: அமிட்ரிப்டிலின், டுலாக்செட்டின், பிரீகாபலின், காபாபென்டின். பிரிட்டனில் நடந்து 2022-இல் வெளியான ஓர் ஆய்வில் இவற்றில் முதல் மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தந்தன. ஒன்று போதாதவர்களுக்கு இரண்டாவதைச் சேர்த்தபோது கூடுதல் நிவாரணம் கிடைத்தது. ஆகவே "ஒரு மருந்து கேட்கவில்லை" என்றால் வழி மூடிவிட்டது என்று பொருளல்ல.

இம்மருந்துகளைக் குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவார்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். வலி பாதியாகக் குறைந்து இரவில் தூக்கம் வந்தாலே அது நல்ல பலன். தூக்கக் கலக்கமும் தலைசுற்றலும் வரலாம். இரவில் எழும்போதும் ஃபஜ்ருக்குக் கிளம்பும்போதும் சற்று உட்கார்ந்திருந்து, பிறகு எழ வேண்டும். இதயக் கோளாறோ சிறுநீர் அடைப்போ இருந்தால் மருத்துவரிடம் முன்பே சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மாத்திரை நமக்கும் ஒத்துக்கொள்ளும் என்று எண்ண வேண்டாம்.

இம்மருந்துகள் வலியைக் குறைக்கும், கெட்ட நரம்பைச் சீராக்காது. மேலும் கெடாமல் தடுப்பது சர்க்கரைக் கட்டுப்பாடுதான். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பலருக்கும் 7-ஐ ஒட்டி இருப்பது நல்லது. வயதானவர்களுக்கு மருத்துவர் வேறு அளவு சொல்வார். வெந்நீர் ஒத்தடம், மின்சார ஒத்தடப் பை, சுடு மணல் ஆகியவை உணர்வு குறைந்த காலுக்கு ஆகவே ஆகாது.

உளூச் செய்யும் இடமே பரிசோதனைக் கூடம்

மருத்துவர்கள் "தினம் ஒருமுறை பாதத்தைப் பாருங்கள்" என்கிறார்கள். நாம் ஒரு நாளில் ஐந்து வேளை பாதத்தைக் கையால் தொட்டுக் கழுவுகிறோம். இந்த வாய்ப்பு வேறு யாருக்குக் கிடைக்கும்? ஆனால் கழுவுகிறோமே தவிர, பார்ப்பதில்லை. இனி ஒரு வேளையாவது, வெளிச்சத்தில், நிதானமாகப் பாருங்கள்.

1. உள்ளங்காலில் வெட்டு, கொப்புளம், சிவப்பு, பித்தவெடிப்பு இருக்கிறதா? குனிய முடியாதவர்கள் தரையில் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம், அல்லது வீட்டாரைப் பார்க்கச் சொல்லலாம்.

2. விரல்களைக் கோதிக் கழுவுவது சுன்னத். கழுவிய பின் அந்த இடுக்குகளைத் துணியால் ஒற்றித் துடையுங்கள். ஐந்து வேளை ஈரமும் அங்கேயே தங்கினால் சேற்றுப்புண் வரும். அதன் வழியாகக் கிருமி உள்ளே போகும்.

3. அத்தஹிய்யாத் இருப்பில் தரையில் அழுந்தும் இடங்களைப் பாருங்கள். கணுக்காலின் வெளிப்புறமும் புறங்காலும், குறிப்பாக இடது காலில், காய்த்துப்போயிருக்கும். அந்தக் காய்ப்புக்கு அடியில் புண் தொடங்கலாம். மெத்தென்ற விரிப்பு உதவும். கால் ஆணியையும் காய்ப்பையும் பிளேடால் சீவாதீர்கள், கடையில் விற்கும் ஆணி பிளாஸ்திரியும் ஒட்டாதீர்கள்.

4. குளிர்காலத்தில் வெந்நீர் கலந்தால் காலால் சூடு பார்க்காதீர்கள். முழங்கையால் பாருங்கள், அல்லது மற்றவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

5. வறண்ட பாதத்திற்கு எண்ணெயோ களிம்போ தடவலாம், விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம். நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரத்தைத் தோண்டாதீர்கள்.

காலில் புண்ணோ கட்டோ இருந்தால் நனைத்துத்தான் ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். கட்டின் மீது மஸ்ஹு, தயம்மும் ஆகிய சலுகைகள் இதற்காகவே உள்ளன. முறையை அவரவர் மத்ஹபின்படி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நிற்க முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் முடியாதவர் படுத்தும் தொழலாம் என்று நோயுற்றிருந்த இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியிருக்கிறார்கள். சலுகையை ஏற்பது ஈமானின் குறைவல்ல.

செருப்பும் பயணமும்

உணர்வு குறைந்த காலுக்கு வீட்டுக்குள்ளும் செருப்பு தேவை. ஹவாய் செருப்பு கழன்று விழும். பின்பக்கம் வார் உள்ள, அடிப்பகுதி மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பே ஏற்றது. போடும் முன் உள்ளே கையை விட்டுப் பாருங்கள், ஒரு சிறு கல் போதும் புண்ணாக. கோடைக்கால ஜும்ஆவில் பள்ளிவாசல் முற்றத்துத் தரை கொதிக்கும். அங்கே வெறுங்காலில் நிற்க வேண்டாம், உள்ளே இடம் பிடிக்கச் சற்று முன்னதாக வாருங்கள்.

ஹஜ், உம்ரா செல்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். சஃயி மட்டுமே ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் நடை. புறப்படும் முன் பாதத்தை மருத்துவரிடம் காட்டி, இஹ்ராமில் எந்தக் காலணி கூடும் என்று ஆலிமிடம் கேட்டு, அந்தச் செருப்பை இங்கேயே போட்டுப் பழகுங்கள். தேவையானால் சக்கர நாற்காலியில் வலம் வருவதில் வெட்கமில்லை. ரமலானுக்கு முன்பும் மருத்துவரைப் பார்த்து மாத்திரை நேரங்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

வீட்டில் செய்து பார்க்க

பிரிட்டனின் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் உருவாக்கிய எளிய சோதனை இது. வீட்டில் பெரியவரைப் படுக்க வைத்துக் கண்களை மூடச் சொல்லுங்கள். ஒவ்வொரு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை உங்கள் ஆள்காட்டி விரலால் ஓரிரு நொடி, இறகு பட்டது போல் தொடுங்கள். அழுத்தவோ, மறுபடி தொடவோ கூடாது. தொடுவது தெரியும்போது "வலது", "இடது" என்று அவர் சொல்ல வேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லையென்றால், உணர்வு குறைந்திருக்கலாம். மருத்துவரிடம் காட்டுங்கள்.

கொப்புளம், நீர் வடியும் புண், கருத்த விரல், துர்நாற்றம், ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சூடாக இருத்தல், காய்ச்சல் ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்றே செல்லுங்கள். "வலிக்கலையே, நாளைக்குப் போகலாம்" என்ற சொல்தான் பல விரல்களை எடுத்திருக்கிறது.

சர்க்கரைக்கான மாத்திரைகள் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருகின்றன. எம்.சி.ஆர். செருப்பு வாங்க இயலாதவர்கள் தயங்காமல் நம் அலுவலகத்தில் சொல்லுங்கள். விரலை எடுத்த பின் சிகிச்சைக்கு உதவுவதைவிட, விரலைக் காக்கச் செருப்புக்கு உதவுவதையே நாங்கள் விரும்புகிறோம்.

அந்தப் பெரியவர் இப்போது புதுச் செருப்புடன் பள்ளிக்கு வருகிறார். ஒவ்வொரு இரவும் இஷா முடிந்து வந்ததும் அவருடைய மகள் விளக்கைப் போட்டு, அத்தாவின் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். இன்றிரவு நம் வீடுகளிலும் அந்த விளக்கு எரியட்டும்.

நோயுற்ற அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவை நல்குவானாக. ஆமீன்.