வங்கித் தேர்வில் ஆங்கிலம்: இருபது நிமிடத்தை வெல்லும் பயிற்சி



பட்டுத் தறியையும் அரிசி மண்டியையும் சிறு கடைகளையும் நம்பி வாழும் நம் ஆரணிக் குடும்பங்கள் பலவற்றில் இன்று பட்டம் முடித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் வங்கி எழுத்தர் தேர்வு எழுதுகிறவர்களிடம் நாம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: "கணக்கு நல்லா போட்டேன், ரீசனிங்கும் பரவாயில்லை, இங்கிலீஷ்லதான் போயிடுச்சு." இந்த இதழில் அந்த ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

தேர்வு எப்படி அமைந்திருக்கிறது?

ஸ்டேட் வங்கி தவிர்த்த மற்ற 11 பொதுத்துறை வங்கிகளுக்கும் எழுத்தர்களைத் தேர்ந்தெடுப்பது ஐ.பி.பி.எஸ். நிறுவனம். முதல்நிலைத் தேர்வு ஒரு மணி நேரம், 100 கேள்விகள். ஆங்கிலத்தில் 30, கணக்கில் 35, ரீசனிங்கில் 35. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 20 நிமிடம். ஒரு பகுதியில் மிச்சமாகும் நேரத்தை இன்னொன்றுக்கு எடுத்துக்கொள்ள முடியாது.

மூன்று பகுதியிலும் தனித்தனியே கட்-ஆஃப் உண்டு. கணக்கில் 32 எடுத்தாலும், ஆங்கிலத்தில் கட்-ஆஃப் வரவில்லை என்றால் அந்த வருட முயற்சி அதோடு முடிந்தது. வயது வரம்பு பொதுப் பிரிவுக்கு 20 முதல் 28 வரை; ஓ.பி.சி. பிரிவுக்கு மூன்று வருடம் கூடுதல். ஆகவே ஒரு வருடம் போவது சிறிய இழப்பு அல்ல.

2021 செப்டம்பரில் மத்திய நிதி அமைச்சகம், எழுத்தர் தேர்வை ஆங்கிலம், இந்தியோடு தமிழ் உள்ளிட்ட 13 மாநில மொழிகளிலும் நடத்தப் பரிந்துரைத்தது. இதனால் கணக்கையும் ரீசனிங்கையும் தமிழிலேயே படித்து விடை தரலாம். தமிழ் கைகொடுக்காத ஒரே இடம் ஆங்கிலப் பகுதி. தமிழ் வழியில் படித்த பிள்ளை அதிக நேரம் செலவிட வேண்டியதும் அங்கேதான்.

தவறு எங்கிருந்து வருகிறது?

நம் பிள்ளைகள் பலர் வீட்டில் உருது, தெருவில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளோடு வளர்கிறார்கள். தமிழிலும் உருதுவிலும் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும். 'இல்', 'மேல்', 'பற்றி' போன்றவை பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் ஒட்டும். ஆங்கிலத்தில் இரண்டுமே தலைகீழ். மனதில் தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதும்போது தவறு அங்கே புகுந்துவிடுகிறது. ஆனால் தமிழையே சரியாகக் கவனித்தால் பல தவறுகளைத் தமிழ் வழியாகவே திருத்தலாம்.

கீழே ஐந்து வாக்கியங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தவறு இருக்கிறது. விளக்கத்தைப் பார்க்கும் முன் காகிதத்தில் எழுதித் திருத்திப் பாருங்கள்.

1. ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட் ஒர்க்ஸ் இன் எ பேங்க்.
2. ஹி டிட் நாட் வென்ட் டு தி மார்க்கெட்.
3. வீ டிஸ்கஸ்ட் அபௌட் தி ப்ரைஸ் ஆஃப் சில்க்.
4. ஷி ஹேஸ் பீன் வீவிங் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்.
5. தி குவாலிட்டி ஆஃப் தீஸ் சாரீஸ் ஆர் குட்.

விளக்கம்:

முதல் வாக்கியத்தில் 'ஃப்ரெண்ட்ஸ்' என்று வர வேண்டும். தமிழில் 'என் நண்பர்களில் ஒருவர்' என்றுதானே சொல்கிறோம்? பலரில் ஒருவர் என்பதால் பன்மை.

இரண்டாவதில் 'வென்ட்' அல்ல, 'கோ'. 'டிட்' என்ற சொல்லே இறந்த காலத்தைச் சுமந்துவிட்டது. 'போகவில்லை' என்கிறோம், 'போனவில்லை' என்று யாரும் சொல்வதில்லை. அதே கணக்குதான்.

மூன்றாவதில் 'அபௌட்' வேண்டாம். 'விலையைப் பற்றிப் பேசினோம்' என்ற தமிழ் அதை இழுத்து வந்துவிட்டது. 'டிஸ்கஸ்' என்பதற்குள்ளேயே 'பற்றி' அடங்கியிருக்கிறது.

நான்காவதில் 'சின்ஸ்' அல்ல, 'ஃபார்'. 'ஐந்து வருடமாக' என்றால் 'ஃபார்'. '2019-இலிருந்து' என்றால் 'சின்ஸ்'. 'ஆக', 'இலிருந்து' என்ற இரண்டையும் நினைவில் வைத்தால் இந்தக் கேள்வியில் தடுமாற்றம் வராது.

ஐந்தாவதில் 'ஆர்' அல்ல, 'இஸ்'. நன்றாக இருப்பது சேலைகள் அல்ல, அவற்றின் தரம். தரம் ஒருமை. எழுவாய்க்கும் வினைக்கும் நடுவில் எத்தனை சொற்கள் புகுந்தாலும், வினை தன் எழுவாயோடுதான் ஒத்துப்போக வேண்டும்.

'எ', 'தி' குழப்பத்துக்கும் தமிழ் உதவும். 'ஒரு சேலை வாங்கினேன். அந்தச் சேலை சாயம் போனது' என்கிறோம். முதலில் சொல்லும்போது 'எ', ஏற்கெனவே சொன்ன ஒன்றைத் திரும்பக் குறிப்பிடும்போது 'தி'. எல்லா இடத்துக்கும் இது போதாது என்றாலும், தொடங்குவதற்கு நல்ல பிடி.

கேள்வி வகைக்கு ஏற்ற அணுகுமுறை

தவறு கண்டுபிடித்தல்: முதலில் எழுவாயையும் வினையையும் தேடுங்கள். அடுத்து காலம், பிறகு முன்னிடைச்சொல். தறியில் இழை அறுந்தால் நெசவாளர் சேலை முழுவதையும் தடவிக்கொண்டிருப்பதில்லை. அறுபடும் இடங்கள் அவருக்குத் தெரியும். அப்படியே இதுவும்.

கோடிட்ட இடம் நிரப்பும் பத்தி: முதல் கோட்டிலேயே நின்றுவிடாமல் பத்தி முழுவதையும் ஒரு முறை படியுங்கள். பத்தி எதையாவது பாராட்டுகிறதா, குறை சொல்கிறதா என்று தெரிந்தாலே பாதி விடைகள் கழிந்துவிடும்.

கலைந்த வாக்கியங்களை வரிசைப்படுத்துதல்: 'ஹி', 'திஸ்', 'ஹவெவர்' என்று தொடங்கும் வாக்கியம் பெரும்பாலும் முதலாவதாக வராது. அவர் யார், எது இது என்று முன்னால் ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும்.

பத்தி படித்து விடையளித்தல்: முதலில் கேள்விகளைப் பார்த்துவிட்டுப் பத்திக்குப் போங்கள். விடை பத்தியில் இருக்க வேண்டும். நமக்குத் தெரிந்த உண்மையோ நம் சொந்தக் கருத்தோ அங்கே செல்லாது.

எதை விடுவது?

ஒரு தவறான விடைக்கு கால் மதிப்பெண் குறையும். ஒருவர் 20 கேள்வி எழுதி 16 சரி, 4 தவறு என்றால் கிடைப்பது 15. இன்னொருவர் 30-ம் எழுதி அதே 16 சரி, 14 தவறு என்றால் 12.5 மட்டுமே. ஐந்து விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால், ஐந்து கேள்விக்குச் சராசரியாக ஒன்று சரி, நான்கு தவறு. லாபம் பூஜ்யம், போன நேரம் நஷ்டம். இரண்டு மூன்று விடைகளை உறுதியாகக் கழிக்க முடிந்தால் மட்டும் மீதியில் ஒன்றைக் குறிக்கலாம்.

30 கேள்விக்கு 20 நிமிடம் என்றால் ஒன்றுக்கு 40 விநாடி. சிறிய கேள்விகளுக்கு 8 நிமிடம், கோடிட்ட பத்திக்கு 4, படித்து விடையளிக்கும் பத்திக்கு 8 என்று பிரித்துப் பழகுங்கள். பழகிய பின் உங்கள் வேகத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

தினமும் ஒரு மணி நேரம்

மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையிலான நேரத்தை இதற்கு ஒதுக்கலாம். முதல் 20 நிமிடம் வாசிப்பு. தொடக்கத்திலேயே ஆங்கில நாளிதழ்த் தலையங்கத்தில் இறங்கினால் சலிப்புதான் வரும். ரிசர்வ் வங்கி பொதுமக்களுக்காக வெளியிட்டிருக்கும் 'ஃபேம்' என்ற நிதி விழிப்புணர்வுக் கையேடு ஆங்கிலத்திலும் தமிழிலும் கிடைக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஆங்கிலமும் வளரும், முதன்மைத் தேர்வின் பொருளாதாரப் பகுதிக்கும் உதவும். ஒரு மாதம் கழித்து நாளிதழின் வணிகப் பக்கத்துக்குப் போகலாம்.

அடுத்த 20 நிமிடம் கடிகாரம் வைத்து ஒரு மாதிரித் தேர்வு. கடைசி 20 நிமிடம் தவறான விடைகளை நோட்டில் எழுதுவது: எந்த வாக்கியம், என்ன தவறு, ஏன். மாதிரித் தேர்வை மட்டும் எழுதி மதிப்பெண் பார்த்துவிட்டு மூடினால் அதே தவறு அடுத்த வாரமும் வரும். முதல்நிலை தாண்டினால் முதன்மைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 40 மதிப்பெண் இருக்கிறது; இறுதித் தேர்வுப் பட்டியலில் எண்ணப்படுவது அந்த மதிப்பெண்தான்.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

அந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளையைக் கடைக்கு அனுப்பாதீர்கள். பெண் பிள்ளையாக இருந்தால் சமையல் வேலைக்கும் கூப்பிடாதீர்கள். ஆங்கிலம் தெரியாத தாயும் நோட்டைத் திறந்து "இன்னைக்கு எத்தனை தப்பு எழுதினே?" என்று கேட்கலாம். அந்தக் கேள்வியே ஒரு பாடம்.

உருது வழியில் படித்த பிள்ளைகள் தமிழில் எழுதவும் படிக்கவும் பழக வேண்டும். தமிழ்நாட்டுப் பணியிடத்துக்கு விண்ணப்பிப்பவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்பது விதி. மாநில அரசு வேலைகளில் நமக்குள்ள 3.5 சதவீத இடஒதுக்கீடு இங்கே இல்லை. மத்தியப் பட்டியலில் உள்ள லெப்பை, தக்னி முஸ்லிம் போன்ற பிரிவினர், கிரீமி லேயரில் வராதவர்கள், ஓ.பி.சி. சான்றிதழை மத்திய அரசுப் படிவத்தில் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

வங்கி வேலையில் வட்டி குறித்த தயக்கம் சில குடும்பங்களில் இருப்பதை அறிவோம். அதை நீங்கள் நம்பும் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவது முறை. எப்படி முடிவெடுத்தாலும் இந்தப் பயிற்சி வீணாகாது. எஸ்.எஸ்.சி. நடத்தும் மத்திய அரசுப் பணித் தேர்வுகளிலும் இதே வகை ஆங்கிலக் கேள்விகள்தான் வருகின்றன.

இன்று மக்ரிபுக்குப் பின் ஒரு புது நோட்டை எடுங்கள். மேலே உள்ள ஐந்து வாக்கியங்களும் அதன் முதல் பக்கமாக இருக்கட்டும்.