கோல்ப் கோலைப் பற்றும் முறை

இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் பிறந்து வளர்ந்த நம் மாணவர்க்கு விளையாட்டென்றதும் உதைபந்தும் குத்துச்சண்டையும் கெரமுமே நினைவிற்கு வருவன. கோல்ப் ஆட்டமோ சீமான்களின் பொழுதுபோக்கு என்பது பொதுவெண்ணம். அவ்வெண்ணம் முற்றும் பிழையன்று. துறைமுகத்துக்கும் ஆலைகளுக்கும் இடையே அவ்வாட்டத்திற்கு வேண்டிய புல்வெளியைக் காண்டலரிது. ஆயினும் கடற்கரை நிலையத்தில் மின்சார வண்டி ஏறிச் சைதாப்பேட்டையில் இறங்குவோர்க்கு நந்தனத்துக் காஸ்மாபாலிடன் ஆடுகளம் தொலைவன்று.

யாம் முதன்முதல் இக்கோலை எடுத்த நாளில், காசிமேட்டில் துடுப்பு வலிப்பாரைப் போல இரு கைகளாலும் இறுகப் பற்றி, உள்ளங்கை நோவ வீசினோம். பந்து வலப்புறம் வளைந்து வேலிக்கப்பாற் போயிற்று. உள்ளங்கையில் இரண்டு கொப்புளங்களே மிச்சம். வலிமை குறைவென்று எண்ணி மேலும் இறுக்கினோம். பந்தோ முன்னிலும் வளைந்தோடிற்று. குற்றம் தோளிலன்று, விரலிலிருந்தது.

வலக்கைப் பழக்கமுடையோர் இடக்கையை மேலே வைத்தல் வேண்டும். கோலின் பிடி, சுண்டுவிரலின் அடியிலிருந்து சுட்டுவிரலின் நடுக்கணு வரை சாய்வாகக் கிடக்கவேண்டுமேயன்றி, உள்ளங்கையின் நடுவே குறுக்காகக் கிடத்தலாகாது. இவ்வொன்றே தொடக்கத்தார் பெரும்பாலோர் இடறுமிடம். உள்ளங்கையிற் கிடந்த கோல் மணிக்கட்டை மடங்கவிடாது. மணிக்கட்டு மடங்காவிடின் வீச்சில் விரைவில்லை. அடிக்கையின் சதைமேடு பிடியின்மேல் அமர, கட்டைவிரல் நடுவிலிருந்து சிறிதே வலப்பக்கம் தங்குக. குனிந்து நோக்குங்கால் இடக்கையின் விரலடி முட்டுகள் இரண்டேனும் தோன்றவேண்டும். ஒன்றே தோன்றின் கோலின் முகம் திறந்து பந்து வலப்புறம் செல்லும். நான்கும் தோன்றின் முகம் மூடி இடப்புறம் செல்லும். எமது பந்தின் வளைவுக்குக் காரணம் இதுவே.

வலக்கை விரல்களாற் பற்றுவது. அதன் உள்ளங்கைப் பள்ளம் இடக்கட்டைவிரலை மூடிக்கொள்ளும். வலச் சுண்டுவிரலை வைக்க மூன்று வழிகள் உள. பத்து விரல்களும் கோலைத் தொடுவது ஒன்று. அது சிறுவர்க்கும் கைவலி குறைந்தோர்க்கும் ஏற்றது. சுண்டுவிரலை இடச் சுட்டுவிரலோடு பின்னுவது மற்றொன்று. அமெரிக்கராகிய நிக்லஸும் டைகர் வுட்ஸும் அவ்வாறே பற்றினர். சிறிய கையினர்க்கும் அது நன்று. மூன்றாவது, சுண்டுவிரலை இடக்கைச் சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடைப்பட்ட பள்ளத்தின்மேல் அமர்த்துவது. இதனை வார்டன் பிடி என்பர். ஸ்காத்லாந்தின் லெய்ட்லே அவருக்கு முன்னரே இவ்வாறு பற்றியதுண்டு. எனினும் பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை 1896 முதல் 1914 வரை ஆறுமுறை வென்ற ஹாரி வார்டனாலேயே அது உலகெங்கும் பரவிற்று. ஜெர்சித் தீவில் 1870இல் தோட்டக்காரர் ஒருவரின் மகனாய்ப் பிறந்து, பிறர் கோற்பையைச் சுமந்த சிறுவர் அவர்.

சீமானாட்டம் என்போர்க்கு நம் நாட்டிலும் விடையுண்டு. 2009இல் இந்திய ஓப்பன் பட்டத்தை வென்ற பெங்களூர் முனியப்பாவும் பிறர் பை சுமந்தே ஆட்டம் பயின்றவர். பை சுமப்போர் பிறர் கைகளை நாளெல்லாம் நோக்கி நிற்பர். அஃது எந்த ஆசானும் தராத பாடம் என்பது எமது துணிபு.

இறுக்கத்தைப் பற்றி ஒரு சொல். பந்தின் எடை 46 கிராமுக்கு உட்பட்டது. அதனை அடிக்கப் பாறை பிளப்பாரின் பிடி வேண்டுவதில்லை. இடக்கையின் கடை மூன்று விரல்களும், வலக்கையின் நடுவிரலும் மோதிரவிரலுமே கோலைத் தாங்குக, ஏனையவை தளர்ந்திருக்கட்டும். மூர்மார்க்கெட்டுக் கூட்டத்தில் சிறு குழந்தையின் கையை எவ்வளவு பற்றுவோமோ அவ்வளவே போதும்: நழுவவுங் கூடாது, குழந்தை அழவுங் கூடாது.

ஆடுகளம் செல்ல இயலாதார் கோலளவு தடிப்புள்ள மூங்கிற்கழியொன்றைக் கொண்டு நாடோறும் பத்து நிமிடம் பற்றிப் பற்றி விடுத்துப் பழகலாம். விடுதி அறையிற் பழகுவோர் பற்றுதலோடு நிற்க, வீசுதல் முற்றத்திலாகுக. மின்விசிறியொன்றின் விலையை யாம் முன்னரே கொடுத்துவிட்டோம்.