பட்டமளிப்பு மேடையில் பிரார்த்தனை

கேள்வி: அமெரிக்காவில் மகன் படிக்கும் அரசுப் பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழாவில் பாதிரியார் ஜெபம் செய்வாராம். இது சட்டப்படி செல்லுமா? அவன் எழுந்து நிற்க வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் செல்லும், ஆனால் எழுந்து நிற்கும் கட்டாயம் மகனுக்கு இல்லை. பள்ளிக்கூடம் என்றால் கதை வேறு. அரசுப் பள்ளிப் பட்டமளிப்பு விழாக்களில் மதகுருவை அழைத்து ஜெபிக்கவைப்பது கூடாதென உச்ச நீதிமன்றம் 1992இல் லீ எதிர் வைஸ்மன் வழக்கில் தீர்ப்பளித்தது. சுற்றியிருப்போரின் நெருக்கடிக்குப் பிள்ளைகள் பணிந்துவிடுவார்கள் என்பது காரணம். கல்லூரி மாணவர் வளர்ந்தவர் என்பதால் இந்தியானா பல்கலைக்கழகத்தின் வழக்கம் 1997இல் மேல்முறையீட்டில் தப்பியது. டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்தின் மீது இந்துப் பேராசிரியர் திலீப் சௌத்ரி தொடுத்த வழக்கும் அதே ஆண்டில் தோற்றது. அங்கே ஜெபத்துக்குப் பதிலாக மௌனம் அறிவிக்கப்பட்ட ஒரு விழாவில், கூட்டத்தில் சிலர் கர்த்தர் ஜெபத்தை உரக்கச் சொல்லிக் கைதட்டலும் வாங்கினார்கள். நல்ல மௌனம்!

விதிவிலக்கு, மாநில அரசு நடத்தும் வர்ஜீனியா ராணுவக் கல்லூரி. அங்கே இரவுச் சாப்பாட்டுக்கு முன் அதிகாரபூர்வ ஜெபம் வாசிக்கப்பட்டுவந்தது. கீழ்ப்படிதலே பாடமான இடத்தில் விருப்பம் என்ற பேச்சு செல்லாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2003இல் அதை அரசியல் சாசனத்துக்கு விரோதமானதென அறிவித்தது. உச்ச நீதிமன்றம் 2004இல் அந்த வழக்கை விசாரிக்க மறுத்துவிட்டது.